அணைக்க மறந்த மைக்

வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா வாசலில் வந்து நின்றார். துணிக்கடை அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், அரை மணி நேரம் அனுமதி கேட்டு ஓடி வந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். போன வருடம் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெண், இரண்டு மாதமாக வீட்டுப்பாடம் எழுதுவதில்லை. கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். "கணக்கைப் போட்டுட்டு இருங்க, சத்தம் வரக் கூடாது" என்று நாற்பது பிள்ளைகளிடமும் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வராந்தாவின் கோடிக்குப் போனேன்.

என் கழுத்தில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் மூன்றாம் வகுப்புக்குக் கத்திக் கத்தி என் தொண்டை வீணாகியிருந்தது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனியும் கத்தினால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கு அந்தக் கருவி சோதனைக்காக வந்தது. விரல் நீளத்தில் ஒரு மைக், அதைக் கோத்துப் போட்டுக்கொள்ள ஒரு கயிறு, வகுப்பின் நான்கு மூலையிலும் சின்னச் சின்ன ஸ்பீக்கர். முதல் நாள், வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாக, "எல்லாரும் புத்தகத்தை எடுங்க" என்றேன். கடைசி பெஞ்சில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அந்தக் கருவிக்கு நானே நடமாடும் விளம்பரம் ஆகிவிட்டேன். சுற்றியிருக்கும் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் முப்பது பேருக்கு அன்று மதியம் அதை அறிமுகப்படுத்தும் பொறுப்பைத் தலைமை ஆசிரியர் என்னிடம்தான் கொடுத்திருந்தார். குறிப்புகள் எழுதி மேசையில் வைத்திருந்தேன். நான்காவது குறிப்பு: 'வகுப்பைவிட்டு வெளியே போகும்போது மைக்கை அணைக்கவும்.'

"வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? முன்னெல்லாம் இவ இப்படி இல்லையே" என்றேன்.

அந்த அம்மா பக்கத்து வகுப்பின் ஜன்னலைப் பார்த்தார். யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதென்று என்னை ஒட்டி வந்து நின்று குனிந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன் டீச்சர். நான் எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி அவ அப்பா வெளியூர் வேலைக்குப் போகல. எங்களை விட்டுட்டுப் போயிட்டார். அவருக்கு வேற குடும்பம் ஆயிடுச்சு. இனிமே வர மாட்டார். அவளுக்கு இது தெரியாது. லீவு விட்டதும் அப்பா வந்துடுவார்னு சொல்லி வெச்சிருக்கேன். எந்த வாயால சொல்றதுன்னு தெரியல டீச்சர்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கவலைப்படாதீங்கம்மா. நீங்க சொன்னது என்னைத் தாண்டிப் போகாது" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வேலைக்கு நேரமாகிறதென்று அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

நான் திரும்பி வந்தபோது வகுப்பு கப்சிப்பென்று இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்களே என்று எனக்குப் பெருமைகூட வந்தது. "பரவாயில்லையே" என்றேன். அந்தச் சொல் நான்கு மூலையிலிருந்தும் என்னிடம் வந்தது. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க மைக்கை ஆஃப் பண்ணவே இல்ல" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, முதுகில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

அந்த அம்மாவின் மகள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரப் பெஞ்சைப் பார்த்துவிடாமல் இருக்க அத்தனை பிள்ளைகளும் பாடுபட்டார்கள். எட்டு வயதில் அந்த நாகரிகம் எங்கிருந்து வந்ததோ. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். விடை சரி. அதற்குக் கீழே அதே கணக்கை மறுபடியும் போட்டிருந்தாள். அதற்குக் கீழே மறுபடியும். "பாப்பா" என்று தோளைத் தொட்டேன். நிமிராமல், "இன்னும் முடியல டீச்சர்" என்றாள்.

அந்த அம்மாவின் பின்னாலேயே ஓடியிருக்கலாம். தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணையாவது வெளியே அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் மைக்கை அணைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினேன்.

மதியக் கூட்டம் நன்றாக நடந்தது. ஸ்பீக்கர்களைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்களைக் கேட்டு எழுதச் சொல்லி, ஒரு பத்தியைச் சாதாரணக் குரலில் படித்தேன். ஒரு சொல்லும் தப்பவில்லை. கைதட்டினார்கள். இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, "மூணு வாரமா நீங்க யூஸ் பண்றீங்க, இதுல தொந்தரவு ஏதாவது இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். தலைமை ஆசிரியர் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்து, "வெளிய போறப்ப ஆஃப் பண்ண மறந்துடாதீங்க. மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றேன். "மறந்தா என்ன, நாம டீ உறிஞ்சற சத்தம் பசங்களுக்குக் கேக்கும், அவ்ளோதானே!" என்றார் ஒருவர். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் ஸ்பீக்கரில் எல்லோருடையதையும்விடப் பெரிதாகக் கேட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் காதெல்லாம் சுடுகிறது.

பள்ளி விடும் மணி அடிப்பதற்கு முன்பே வாசலுக்குப் போய் நின்றேன். மகளைக் கூட்டிப் போக அந்த அம்மா வந்ததும் ஓரமாகக் கூப்பிட்டேன். "காலைல நாம பேசினப்ப மைக் ஆன்ல இருந்துச்சும்மா. வகுப்பு முழுக்கக் கேட்டுடுச்சு. பாப்பாவும் கேட்டுட்டா. தப்பு என்மேலதான்." திட்டுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகக்கூட இருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்போ மணி என்ன டீச்சர்?"

"பதினொண்ணு இருக்கும்."

"அப்போலேருந்து இப்ப வரைக்கும் தனியாவா இருந்தா?"

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசை கலைந்து ஓடி வந்தார்கள். கடைசியில் அவள் வந்தாள். அம்மா என்னைத் தாண்டி நடந்து போய், போகிற வருகிற கால்களுக்கு நடுவே அவள்முன் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் புத்தகப் பையை இறக்கி வைத்தாள். தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து, இறுகியிருந்த மூடியைப் பாவாடையில் பிடித்துத் திருகித் திறந்து, இரண்டு கையாலும் அம்மாவின் முன் நீட்டினாள்.