பத்து மணிக்கு ஐந்து நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்ன டீச்சர் நான். முதல் மூன்று வரைவுகளில் அந்த டீச்சருக்குக் கல்பனா என்று பெயர் வைத்து, கண்ணாடி மாட்டி, பத்து வயது கூட்டித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

(விட்டுவிட்ட தொடக்கம்: 'திருப்பதி விடியும் முன்பே தேன்மொழி பீமில் ஏறி' — வேண்டாம். நான் அதைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

2

2010. தேன்மொழிக்குப் பதினொரு வயது. நான் கிளாஸ் டீச்சராக இருந்த ஆறாம் வகுப்பு. அப்பா ஹேமநாத் குவைத்தில் டிரைவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்துக்காரியான அம்மா நளினி, மகளின் ஜிம்னாஸ்டிக்ஸுக்காகவே திருப்பதியில் அறை எடுத்து, ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தாள்.

காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை பீமில், அந்த நாலங்குல அகலக் கட்டை மேல், பயிற்சி. பிறகு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடி இரண்டு இட்லி. எட்டு மணிக்கு ஸ்கூல். மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத்தான். ஐந்துக்கு விட்டால் மறுபடி பீம். நடுவில் பத்து மணிக்கு ஒரு முட்டையும் கைப்பிடி வேர்க்கடலையும், நாலரைக்கு ஒரு வாழைப்பழமும் கொடுக்கச் சொல்லிக் கோச் ஆதிநாராயணன் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் ஸ்கூலிலோ மதியம் தவிர எப்போதும் டப்பா திறக்கக் கூடாது.

நளினி அந்தக் காகிதத்தோடு வந்தாள்.

"பத்து மணிக்கு அஞ்சு நிமிசம் உடுங்க மேடம். வெளிய நின்னுக்கினு துன்னுட்டு வந்துடும். கண்ணு இருட்டிக்கினு வருதுன்னு சொல்லுது."

"பிரின்ஸிபால்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா."

கேட்கவில்லை. (ஏன் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். சிலபஸ், ஸ்லிப் டெஸ்ட் எல்லாம் அதில் இருந்தன. உண்மை சின்னது: அவர் முன்னால் போய் நிற்கச் சோம்பல், கொஞ்சம் பயம்.) இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்: "அவர் ஒத்துக்கலம்மா."

3

தேன்மொழி பாத்ரூமில் நின்று சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வியாழக்கிழமை நானே பார்த்தேன். கையில் பாதி முட்டை.

"இங்க நின்னா சாப்பிடுவ? அசிங்கமா இல்ல?"

"பசிக்குது மேடம்."

டப்பாவைப் பிடுங்கி ஸ்டாஃப் ரூமில் வைத்தேன். நாலரை மணிப் பழமும் அதற்குள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் பீமில் திரும்பும்போது தலைசுற்றி விழுந்தாள். இடது முழங்கை முறிந்தது. சித்தூரில் மாவட்டப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது.

(பசியால்தான் விழுந்தாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை என் வசதிக்காக வைத்திருக்கிறேன். நீங்கள் அடித்துவிடலாம்.)

4

டி.சி. வாங்க வந்த நளினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கோசரம் நீங்க எவ்ளோ கேட்டுப் பாத்தீங்க மேடம். அந்த ஐயாதான் மனசு வெக்கல."

கதையின் ஒரு முடிவில் அங்கேயே உண்மையைச் சொல்கிறேன். எழுதிப் பார்த்தேன், நான் அழுகிறேன், அவள் மன்னிக்கிறாள். கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் கை கூடி, தேன்மொழி மெடலோடு... அந்தக் கை இன்றுவரை முழுசாக நீளவில்லை.

நடந்தது இது. "பரவால்லம்மா" என்றேன்.

நகரிக்கே திரும்பினார்கள். மகளைக் கவர்மென்ட் ஸ்கூலில் சேர்த்தாள் நளினி. அங்கே மதியச் சாப்பாட்டில் முட்டை உண்டு. பீம் இல்லை.

5

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நளினி பேசுவது தமிழ். படித்தது தெலுங்கு மீடியம். தாய்க்கும் மகளுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. எனக்குத் தெலுங்கு நன்றாகவே எழுத வரும்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள். நகரிப் பக்கம் போனால் நளினிக்கு வாசித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். காட்டினால், அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுத வேண்டாம்.