பதினோராவது கேள்வி

விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. காலியாக விட்ட கட்டம் ஒன்றுகூட என் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் புற்றுநோய்ப் பிரிவில் கொடுத்த படிவத்தை அக்கா என் பக்கம் தள்ளினாள்.

அவளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. நுரையீரலிலும் புள்ளிகள். உடம்பின் எதிர்ப்பு சக்தியையே கட்டியின் மேல் ஏவிவிடும் மருந்து, இரண்டு வகை சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்போகிறார்கள். பதினோராவது கேள்வி: முன்பு எப்போதாவது குடல் நோய் இருந்ததா?

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் எங்கள் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வயதில் அக்காவுக்குக் குடலில் புண். ஏழெட்டு மாதம் ரத்தமாகப் போனது. சரியானதும் அம்மா எங்கள் இருவரையும் சமையலறையில் நிறுத்தி, "இது இந்த வீட்டைத் தாண்டக் கூடாது. கட்டிக் கொடுக்க வேண்டிய பொண்ணு" என்றாள். தாண்டவில்லை. முப்பத்தோரு வருடம்.

"என்னடி முழிக்கிறே? பரீட்சையா எழுதுறே?" என்றாள் அக்கா.

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அப்புறம் டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. தனியாகப் பேசும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் டாக்டருக்கு அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது தவணைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கியிருந்தன. அதே வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"வயிறு கொஞ்சம் சரியில்லடி."

"எத்தனை தடவை?"

"நாலஞ்சு."

"அக்கா..."

"ஒம்பது. கடைசியில கொஞ்சம் சிவப்பா."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"நேத்து சாப்பிட்ட பழம் ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன். கட்டி சுருங்குதுடி. இப்ப வாயத் திறந்தா மருந்தை நிறுத்திடுவாங்க. வியாழக்கிழமை அடுத்தது ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றவளின் உதடு வெளுத்திருந்தது. அவள் முன்னாலேயே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள்.

"நீ தங்கச்சியா, எமனா?" என்றாள். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அத்தான், வேலை உடுப்போடு நேராக அவசரப் பிரிவுக்கு வந்துவிட்டார். டாக்டர் கேட்டபோது அவர்தான் முந்திக்கொண்டார். "இதுக்கு முன்னாடி ஒண்ணுமே கிடையாது டாக்டர். கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவளுக்கு."

அதில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்டபின் பேசுவது இன்னும் கடினமாயிற்று.

"இருந்தது டாக்டர்" என்றேன். "பத்தொம்பது வயசுல. படிவத்துல இல்லைன்னு போட்டது நான்தான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. "ஏற்கெனவே குடல்ல புண் வந்தவங்களுக்கு இந்த மருந்தால அழற்சி வர்ற வாய்ப்பு அதிகம். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா இன்னும் அதிகம். தெரிஞ்சிருந்தா ஒண்ணை மட்டும் வெச்சு யோசிச்சிருப்போம். முதல் நாள்ல இருந்தே கவனமா பார்த்திருப்போம்" என்றார். ஸ்டீராய்டு ஏற்றச் சொன்னார். புற்றுநோய் மருந்து இப்போதைக்கு நிற்கும். மறுபடி கொடுக்க முடியுமா என்று இன்று சொல்ல முடியாது.

அவர் போனபின் அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்து, மனசுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"கல்யாணமான மறுவருஷம் உங்கம்மா வீட்டுல போய் நாலு மாசம் இருந்தியே" என்றார் அக்காவிடம். "அதுவும் இதுதானா?"

அக்கா தலையசைத்தாள்.

"என்னைப் பிடிக்காமப் போயிட்டதா நினைச்சேன்."

"கேட்டிருக்கலாமே?"

"ஆமான்னு சொல்லிட்டா?"

பிறகு அக்கா போர்வையை விலக்கி எழுந்தாள். மறுபடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. தாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன்.

"நீ இரு" என்றாள் என் முகத்தைப் பார்க்காமலே. "அவர் வரட்டும்."