ராக்கப்பனின் பதினெட்டாவது ராஜி

மட்டாஞ்சேரி மாரியம்மன் கோயில் உற்சவக் கமிட்டித் தலைவர் ராக்கப்பன் வருஷம் தவறாமல் ஒருமுறை ராஜி வைப்பார்; ராஜினாமாவுக்கு அங்கே ராஜி என்றுதான் பேர். கொடியேற்றத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு கூட்டம் கூடும். "மதிப்பில்லாத எடத்துல எனக்கென்ன சோலி?" என்று ஒரு தாளை நீட்டுவார். எல்லோரும் கெஞ்சுவார்கள். சாயா வரும், பழம்பொரி வரும். இரண்டாவது சாயாவில் மனமிறங்கித் தாளைக் கிழித்துப் போடுவார். பதினேழு வருஷமாக நடக்கும் சடங்கு இது. பழம்பொரிக்காகவே கூட்டத்துக்கு வருகிறவர்களும் உண்டு.

அவருக்குப் பதவி பெரிதல்ல. தலைவர் கையில்தான் மைக் இருக்கும், அதுதான் விஷயம். காணாமற்போன செருப்பிலிருந்து கஞ்சி ஊற்றும் நேரம்வரை மூன்று நாளும் அறிவிப்பது அவர் குரல்தான். மாநகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிற மனிதருக்கு மற்ற நாட்களில் ஹாரன் மட்டுமே வாய்.

போன வருஷம் கெஞ்சல் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒற்றைச் சாயா. அது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. இந்த முறை கடிதம் கனமாக இருக்கட்டும் என்று போட்டோஸ்டாட் கடை அம்பிளியிடம் போனார்.

"இங்கிலீஷ்ல அடி மோளே. கோர்ட்டுக் கடுதாசி மாதிரி இருக்கணும்."

"அப்ப 'ஹியர்பை' போடறேன் மாமா."

"ரெண்டாப் போடு."

கூட்டத்தில் கடிதத்தைப் படித்தவள் செயலாளர் ஸ்வர்ணலதா. மாநகராட்சி அலுவலகத்தில் கிளார்க். படித்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணே, 'ஹியர்பை'ன்னு இருக்கே. ராஜி வைக்கப் போறேன்னு இல்ல, இந்தக் கடுதாசியாலயே வச்சாச்சுன்னு அர்த்தம். நான் வாசிச்சப்பவே முடிஞ்சு போச்சு."

"கிழிச்சுட்டா?"

"கிழிச்சாலும் முடிஞ்சதுதான். அதும் ரெண்டு தடவை."

முடிந்துபோன காரியத்துக்கு எப்படிக் கெஞ்சுவது என்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள். அரைமணி நேரத்தில் ஸ்வர்ணலதாவே தலைவரானாள். வந்த பழம்பொரியை ராக்கப்பன் தொடவில்லை.

"சொந்தச் செலவுல சூனியம்!" என்று சிரித்தாள் மனைவி சரோஜம்மா. ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. மாதம் ஒருமுறை "சொந்த ஊரு தேனிக்கே போறேன்" என்று பையைத் தூக்கி, வாசல்வரை போய்த் திரும்புகிற மனிதர், இப்போது அதைக்கூடச் சொல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அது அவளைப் பயமுறுத்தியது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை ஒலிபெருக்கி முழங்கியது. யாரோ போனில் பதிவு செய்த குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"அம்மன் வருதா, ரயில் வருதா?" என்று முணுமுணுத்தார் ராக்கப்பன். பதினேழு வருஷம் கெஞ்சியவர்களில் ஒருத்தர்கூடத் தேடி வரவில்லையே என்று ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

அப்போது வாசலில் ஸ்வர்ணலதா நின்றாள். ஒரு கையில் தாள். மறு கை முதுகுக்குப் பின்னால்.

"கமிட்டிக் கடுதாசி அண்ணே. 'ராக்கப்பன் ஹியர்பை அறிவிப்பாளராக நியமிக்கப்படுகிறார்.' வாசிச்சாச்சு, ஆயாச்சு."

"எனக்குச் சம்மதமான்னு கேக்கலியே!"

"கேட்டா ரெண்டு சாயா ஆகும். அடுத்தது 'ஹியர்வித்'. இத்தோட சேத்துத் தர்றதுன்னு அர்த்தம்."

முதுகுக்குப் பின்னாலிருந்து மைக் வந்தது. பிடி உடைந்தபோது அவரே சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாளின் அடியில் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தது. தமிழில், மலையாளத்தில், பெருவிரல் மையில். பழம்பொரிக்கு வருகிறவர்கள்கூட விடுபடவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; மறைக்கவில்லை.

"கடைசி வரி என்னா?"

"'ஹென்ஸ்ஃபோர்த்'. இனிமே எப்பவும் ராஜி வைக்க மாட்டேன்னு. கையெழுத்துப் போடுங்க."

"ஒரு வருஷம்கூடவா?" என்று இழுத்தார்.

அடுக்களையிலிருந்து சரோஜம்மா பேனாவோடு வந்தாள்.

"பொறு லதா. அந்த வரியில எடமிருக்கா? தேனிக்கும் போக மாட்டேன்னு சேத்து எழுது."

ராக்கப்பன் இருவரையும் பார்த்தார், மைக்கைப் பார்த்தார்.

"எழுது," என்றவர், மைக்கைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையால் கையெழுத்துப் போட்டார்.