தெரியாததைத் தொடாதே

நீட் முடிவு வந்த மறுநாளும் ஃபஹ்மிதாவுக்கு வழக்கம்போலப் பசித்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. போன வருடம் அழுதாள்; இந்த வருடம் மூன்று தோசை தின்றாள். பத்தாம் வகுப்பு அறிவியலில் நூறு வாங்கியதிலிருந்து குடவாசலில் அந்தத் தெருவே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இரண்டு வருடக் கோச்சிங்கில் அவள் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். தப்பாக எழுதினால் ஒரு மார்க் போகும். விட்டுவிட்டால் ஒன்றும் போகாது. தெரியாததைத் தொடாதே. சார் சொல்லிச் சொல்லி, இப்போது சட்னியா குருமாவா என்று அம்மா கேட்டால்கூட விட்டுவிடத்தான் தோன்றுகிறது.

கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதத்துக்கு அவளுக்கும் பள்ளித்தோழி நுஸைபாவுக்கும் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். "பஸ்ல ஒனக்கும் சீட்டு போட்டு வைக்கவா?" என்று நுஸைபா வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். போக ஆசைதான். கணக்குப் போடும்போது மட்டும்தான் அவளுக்கு நேரம் போவது தெரியாது. ஆனால் ஆசைப்படுவதெல்லாம் சரியான விடையாகிவிடுமா? பதில் போடவில்லை.

சாயங்காலம் துபாயிலிருந்து அத்தா வீடியோவில் வந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

"என்னம்மா, இன்னொரு வருஷம் பாக்குறியா? இல்ல, வேற எதுவும் மனசுல இருக்கா? எதுன்னாலும் சொல்லு, அத்தா திட்ட மாட்டேன்."

கணக்கு என்ற சொல் வாய்வரை வந்தது. தப்பாக இருந்தால்? செல்போன் கண்ணாடியிலிருந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் நிக்காஹில் சம்மதம் கேட்டு வந்தபோது அக்காவும் இப்படித்தான் குனிந்திருந்தாள். பெண் பேசாமலிருந்தால் சம்மதம்தான் என்று சாட்சிகள் எழுந்து போனார்கள்.

அம்மா ஜன்னத் பீவி அவள் முகத்தைப் பார்த்தாள். "புள்ளைக்குச் சம்மதம்தாங்க. தஞ்சாவூர் கோச்சிங் ஹாஸ்டலுக்குச் சொல்லிடுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தா. அவர் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை, காலடியில் பெட்டியோடு தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே கும்பகோணம் பஸ். அதில் ஜன்னலோரம் நுஸைபா. அடுத்த இடத்தில் அவளுடைய பை. கூடையோடு ஏறிய ஒரு பெண் அந்த இடத்தைக் கேட்டாள். ஆள் வருது என்பதுபோல நுஸைபா படிக்கட்டுப் பக்கம் கை காட்டினாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஃபஹ்மிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். கும்பகோணம் பஸ் வளைவில் திரும்பும்போதும் அந்தப் பை இருக்கையிலேயே இருந்தது.