குழாய்க்கு மேலே, குழாய்க்குக் கீழே

வெள்ளைத் தட்டில் நான்கு கூனி இறால்கள் கிடந்தன. அதிலும் மூன்று செத்தவை.

அஜந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். நான்குதான். போன மாதம் இதே இடத்தில், இதே வலையில், இருநூற்றுச் சொச்சம். எண்ணி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்றைக்கு எண்ணுவதற்கு ஒரு கையே போதும்.

லண்டனில் மோர்டன் பக்கம் ஓடும் வாண்டில் ஆற்றில், மாதத்தின் முதல் ஞாயிறு காலை, ஆறு வருடமாக அவளும் பிரமிளாவும் இறங்குகிறார்கள். சம்பளம் கிடையாது. ஆற்றின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது வேலை. வலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் காலால் ஆற்றடிக் கல்லைக் கிண்டுவார்கள். கல்லுக்கடியில் குடியிருக்கும் கூனி, பூச்சிப் புழு எல்லாம் ஓட்டத்தில் அடிபட்டு வலைக்குள் வரும். தட்டில் கொட்டி எண்ண வேண்டும். தண்ணீர் பார்வைக்குப் பளிங்காக இருந்து ஏமாற்றலாம், கூனி ஏமாற்றாது. எண்ணிக்கை விழுந்தால் சுற்றாடல் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் வந்து யாருடைய பிழை என்று கண்டுபிடித்துக் கோப்பில் எழுதுவார்கள்.

அஜந்தாவுக்கு எண்ணுவது புதிதல்ல. கிழமைநாளில் ஆஸ்பத்திரி லாப்பில் பிறத்தியாரின் இரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறவள்.

“என்னா அஜந்தா இது, கல்லெல்லாம் பஞ்சு கட்டிப் போயிருக்கு,” என்றாள் பிரமிளா. அவள் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவள் தூக்கிக் காட்டிய கல்லில் சாம்பல் நிறத்தில், அழுக்குப் பஞ்சு போல, வழுவழுவென்று ஏதோ படர்ந்திருந்தது. அஜந்தா மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஒரு தரம் மணந்தால் போதும், விளக்கம் தேவையில்லை. மலம் கலந்த தண்ணீர் நாள்கணக்கில் ஓடினால்தான் இது படரும்.

“வாங்கோ, மேல போய்ப் பாப்பம்.”

இருநூறு மீற்றர் மேலே கழிவுநீர்க் கம்பனியின் குழாய் ஆற்றுக்குள் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. பெருமழை கொட்டி நிலத்தடிச் சாக்கடை நிரம்பினால் மட்டும் திறக்கலாம் என்பது சட்டம். லண்டனில் மழை பெய்து மூன்று கிழமை. குழாயின் இரும்பு மூடியில் ஈரத் துடைப்பான் தாள்கள் கொத்தாகத் தொங்கின. குழாய்க்கு ஐந்து மீற்றர் கீழே வலையை வைத்துக் கிண்டினார்கள். ஒன்றும் இல்லை, செத்ததுகூட இல்லை. குழாய்க்கு மேலே போய்க் கிண்டினார்கள். நூற்றெண்பத்து மூன்று கூனி, துள்ளத் துடிக்க. மேஃப்ளைப் பூச்சியின் புழு முப்பத்தொன்று.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குழாய்க்கு மேலே உயிர், குழாய்க்குக் கீழே சுடுகாடு. அஜந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடம் குனிந்து குனிந்து எண்ணிய பிராணிகளை எவனோ ஓர் அறையில் இருந்துகொண்டு மின் ஆளியைத் தட்டிக் கொன்றிருக்கிறான்.

கரையேறியதும் பிரமிளா கைபேசியை நீட்டினாள். மோர்டன் ஊர்க்காரரின் முகநூல் பக்கம். ஆற்றோரம் கிடந்த தேங்காய், செவ்வந்திப் பூ, தர்ப்பை, சோற்று உருண்டை. ஆடி அமாவாசைக்குக் கோயில் ஆட்கள் பிதிர்க்கடன் கழித்த படித்துறையின் படம். அடியில், “இந்த ஆட்கள்தான் நம் ஆற்றைக் கொல்கிறார்கள்” என்று நூற்றுக்கணக்கான பேர். அவர்களுக்கு நடுவே கம்பனியின் பதில், தேன் வடிய: மதச் சடங்குப் பொருட்கள் காரணமாக இருக்கலாம், சமூகத்தினருடன் பேசி வருகிறோம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

படித்துறை குழாய்க்கு இருநூறு மீற்றர் கீழே. அஜந்தா நின்ற நிலையில் ஆனந்தராஜாவுக்கு அழைத்தாள். கோயில் சபைத் தலைவர். அறுபத்தெட்டு வயது, ஆளைக் கண்டால் கூட்டம் தானாக வழிவிடும்.

“அண்ணை, ஆற்றைப் பற்றி ஆரும் கேட்டால் ஒண்டும் சொல்லாதேங்கோ. என்னட்டக் கணக்கு இருக்கு. அது குழாய்த் தண்ணி.”

“நீர் யோசியாதையும் பிள்ளை, எல்லாம் முடிஞ்சுது,” என்றார் அவர் நிம்மதியாக. “வெள்ளிக்கிழமையே கடிதம் குடுத்தாச்சு. எங்களால வந்த பாதிப்புக்கு மன்னிக்கச் சொல்லி. நூற்றுப் பதினாறு பேர் கையெழுத்து.”

“என்ன கடிதம்? ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?”

“என்ன பிள்ளை, நீரும்தானே வைச்சனீர்.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அன்னதான வரிசை. இடது கையில் வாழையிலைத் தட்டு, அதில் சாம்பார் ஓடப் பார்க்கிறது. யாரோ அட்டையில் செருகிய தாளை நீட்டினார்கள். வருடா வருடம் தேர்த் திருவிழாவுக்கு வீதி மறிக்க அனுமதி கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அதுதான் என்று நினைத்துக் கிறுக்கிவிட்டுப் பாயாசத்துக்கு நகர்ந்தாள். கோயில் தாளை யார் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டை மூன்று தரம் சரிபார்க்கிறவள், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள். கம்பனிமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கவுன்சில் கட்டடத்தில் கூட்டம். சுற்றாடல் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, கம்பனியிலிருந்து ஒரு பெண், கோயில் சார்பில் ஆனந்தராஜா, ஆற்றின் சார்பில் அஜந்தாவும் பிரமிளாவும். அஜந்தா மூன்று இடத்துக் கணக்கையும் படங்களையும் வைத்தாள். அதிகாரி கவனமாகப் பார்த்தார், நல்ல மனிதர்தான். ஆனால் கம்பனிப் பெண் ஒரு தாளை மேசையில் தள்ளினாள். கோயில் கடிதம். “எங்கள் சடங்கினால் ஆற்றின் உயிர்களுக்கு ஏற்பட்ட அழிவுக்காக ஆழ்ந்த மன்னிப்பு.” இப்படி ஒரு சமூகம் தானாக முன்வந்து பொறுப்பேற்பது எவ்வளவு அருமை என்று அவள் நன்றி வேறு சொன்னாள்.

அதிகாரி தயக்கத்தோடு பேசினார். எழுத்தில் ஒப்புதல் இருக்கும்போது குழாயைத் தோண்டி விசாரிக்கத் தன்னிடம் காரணம் இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கோப்பை மூட வேண்டும். கடிதம் எழுதியவரே எழுத்தில் அதைத் திரும்பப் பெற்றால் மட்டும் விசாரணை தொடரும்.

நாலேகால். அஜந்தா ஆனந்தராஜாவை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிரமிளாவும் பின்னால் வந்தாள்.

“அண்ணை, அண்டைக்கு எவ்வளவு சோறு போட்டனீங்கள்?”

“ரெண்டு வாளி வரும்.”

“படித்துறைக்கு மேலயும் செத்துத்தான் கிடக்கு, குழாய் வரைக்கும். அந்த ரெண்டு வாளிச் சோறும் ஓட்டத்துக்கு எதிரா இருநூறு மீற்றர் நீந்திப் போய்க் கூனியைச் சாகடிச்சுப்போட்டுத் திரும்பி வந்ததோ?”

அவர் சிரிக்கவில்லை. “விளங்காமல் இல்லைப் பிள்ளை. ஆனா இவங்களோட சண்டை கொழுவிப்போட்டு நாளைக்குத் தேருக்கு எப்பிடி ரோட்டு மறிக்கிறது? ஒரு சொறி, ஒரு மன்னிப்போட போற விசயம். இது எங்கட நாடே?”

“முப்பத்தாறு வருசமா இருக்கிறியள். இன்னும் எத்தினை வருசம் இருந்தா உங்கட நாடாகும்?”

அவர் அகதியாக வந்த காலத்தில் குடிவரவுத் திணைக்களத்துக்கு நூறு கடிதம் எழுதியவர். தனக்காக மட்டுமல்ல, ஆங்கிலம் தெரியாத எத்தனையோ பேருக்காக. எல்லாமே மன்னிக்கவும் என்று தொடங்கியவை. அந்தக் கையெழுத்தின் தயவில் இந்த ஊரில் பாதிக் குடும்பம் தங்கியிருக்கிறது. அஜந்தாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

“பூவைப் பிளாஸ்ரிக் பையோட ஆத்தில எறியிறது எங்கட பிழைதான் அண்ணை. அதுக்கு நானே பொதுவில மன்னிப்புக் கேக்கிறன். ஆனா செய்யாத கொலைக்கு என்னால ஏலாது.”

“குட்டக் குட்டக் குனிபவனும் மடையன்னு சொல்லுவாங்க, அண்ணே,” என்றாள் பிரமிளா பணிவாக. “நாம அவங்க குட்டுறதுக்கு முன்னாடியே குனிஞ்சு நிக்கிறோம்.”

ஆனந்தராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “எழுதிக் கொண்டாரும்,” என்றார்.

அஜந்தா யன்னல் விளிம்பில் தாளை வைத்து ஆங்கிலத்தில் எழுதினாள். நான்கு வரி. எங்கள் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம். இந்த அழிவுக்கு நாங்கள் காரணமல்ல. கணக்குகள் இணைக்கப்பட்டுள்ளன. குழாயை உடனே விசாரிக்க வேண்டும். நீட்டினாள்.

அவர் வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

“பிள்ளை, இதில சொறி எங்க?”

“இல்லை அண்ணை.”

“ஒரு கடிதமெண்டால்...” என்று இழுத்தவர், பேனையை வாங்கிச் சுவரில் தாளை அணைத்து எழுதினார். திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார். அடியில், முத்துகளைப் பொறுக்கி வைத்தது போன்ற அழகான எழுத்தில் ஐந்தாவது வரி ஒன்று இருந்தது. ‘ஏதும் சிரமம் ஏற்படுத்தியிருந்தால் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறோம்.’ அதற்குக் கீழே கையெழுத்து. வரியைக் கிழித்தால் கையெழுத்தும் போய்விடும்.

நாலு நாற்பத்தெட்டு. அஜந்தாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. உள்ளே கம்பனிக்காரி கைப்பையை மூடும் சத்தம் கேட்டது. இந்த வரியைக் கண்டால் போதும் அவளுக்கு. கூனிகளும் புழுக்களும் இந்த ஒரு வரிக்குள் இன்னொரு தரம் செத்துப்போகும்.

அவள் அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“முதல்ல இருந்து நீங்களே எழுதுங்கோ அண்ணை. நான் பக்கத்தில நிக்கிறன்.”

அவர் முகம் கறுத்தது. இந்த ஊரில் யாரும் அவரை இப்படி நிறுத்தி எழுத வைத்ததில்லை. ஆனாலும் யன்னல் விளிம்பில் குனிந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில், ‘காரணமல்ல’ என்ற இடத்தில் பேனை நின்றது. பிறகு போனது. மூன்றாவது வரி. நான்காவதில் அவர் தலையைத் தூக்கினார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

“விசாரிக்க வேணும் எண்டு போடுறதோ? தயவுசெய்து விசாரிக்க முடியுமா எண்டு போடுவமோ?”

“வேணும் எண்டு போடுங்கோ.”

அந்த ஒரு சொல்லை எழுத அவர் நாலு தேர்த் திருவிழா நடத்துகிற பாடு பட்டார். ஆனால் எழுதினார். அதற்குக் கீழே வேறு வரி இல்லாமல் அவர் கையெழுத்து வைத்த தாளை, ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்க அஜந்தா அதிகாரியிடம் கொண்டுபோனாள்.