செவ்வாய்க்கிழமையின் இரண்டு அட்டவணைகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஏழுமாடிக் கட்டடமொன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் திட்ட அலுவலராகிய நேசமலர், பொலிஸ் நிலையத்திலிருந்து வந்த அழைப்பைக் கேட்டுத் தொலைபேசியை வைத்தாள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஒன்றரை.

"என்னவாம்?" என்றார் ஹியூபேட். வேலை முழுவதற்கும் பொறுப்பான பொறியியலாளர் அவர்.

"இருளப்பன் செவ்வாய்க்கிழமை களனியில மச்சாள் வீட்டை நிண்டதாச் சொல்லியிருக்கிறானாம். நாங்கள் அனுப்பின கடதாசியில அவன் நாள் முழுக்க இங்க கம்பி கட்டினதா இருக்காம். ஆர் பொய் சொல்லுறது எண்டு கேக்கினம், சேர். நாலு மணிக்கு அவனைத் தடுப்பு முகாமுக்கு ஏத்திப்போடுவினமாம்."

அன்று விடியற்காலையில் கொட்டாஞ்சேனை விடுதிகளைச் சுற்றிவளைத்தபொழுது, கம்பி கட்டும் தொழிலாளியான இருளப்பனும் அகப்பட்டான். செவ்வாய்க்கிழமை நண்பகல் நகரில் ஒரு வெடிகுண்டுப் பொதி கண்டெடுக்கப்பட்டிருந்தமையால், அன்றைக்கு எவன் எங்கிருந்தான் என்பதே பொலிசாரின் கேள்வி. ஹியூபேட், நல்லெண்ணத்தோடுதான், கணினியிலிருந்து அவனுடைய வேலைப்பதிவை எடுத்துத் தொலைநகலில் அனுப்பிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

உண்மை என்னவென்று நேசமலருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில், கம்பி ஏற்றிவந்த லொறியைச் சோதனைச் சாவடியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். கம்பி இல்லையேல் கட்டுவதற்கு என்ன இருக்கிறது? குழுவினர் ஒன்பதரைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவள் வழக்கம்போல மூல அட்டவணையைத் தொடாமல், அதன் பிரதியொன்றை எடுத்து, அந்த வேலையைச் சனிக்கிழமைக்கு நகர்த்திப் பார்த்தாள். ஒன்று பிந்தினால் மற்றெல்லாம் பிந்துகின்ற வேலைச் சங்கிலியில் அது ஒரு கணு. ஆதலால் சிவப்புக் கோடு சரசரவென்று ஓடி, கட்டடம் கையளிக்கும் நாளை ஒன்பது நாள் அப்பால் தள்ளிற்று.

"இத இப்ப காட்ட வேணாம் நேசம், பிந்தினத அடுத்த கிழமை புடிச்சிரலாம்" என்று ஹியூபேட் அன்றே சொல்லிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பழுதில்லை. புதன்கிழமை மாலை, கட்டட உரிமையாளரின் ஆலோசகருக்கு முன்னேற்ற அறிக்கை கொடுக்கவேண்டிய அவசரம். அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு: ஒரு திகதியைக் கொடுத்து ஒரு விசையைத் தட்டினால், அதுவரை எல்லா வேலையும் திட்டப்படியே நடந்ததாக அதுவே நிரப்பிக்கொள்ளும், எவர் எத்தனை மணி உழைத்தார் என்பதும் ஆள்வாரியாக விழும். பதினொரு ஆண்டு அனுபவமுள்ள அவள் அதன் ஆபத்தை அறியாதவளல்லள். அறிந்தே தட்டினாள்.

வாசலில் நின்ற இருளப்பனின் மனைவி பேச்சியம்மா, நேசமலர் ஹியூபேட்டிடம் சொன்னதைக் கேட்டிருந்தாள்.

"கம்பியே வராத நாள்ல எங்க வீட்டுக்காரரு எதைக் கட்டுனாருன்னு எழுதுனீங்க மிஸ்? காத்தையா?"

நேசமலர் கணினியின் பக்கம் திரும்பினாள். செவ்வாய்க்கிழமைப் பிரதியைத் திறந்தாள். அந்த வேலைக்குரிய குறிப்புப் பெட்டியில், லொறிச் சாரதி தொலைபேசியில் சொல்லச்சொல்ல அவள் அன்று தட்டியிருந்த வரிகள் அப்படியே இருந்தன: லொறியின் இலக்கம், சாவடியின் பெயர், திருப்பிய நேரம் எட்டு ஐம்பது. அதை அச்சிட்டாள்.

"நேசம், இது வெளிய போனா ஆலோசகருக்கு நாம குடுத்தது முழுக்கப் பொய்யின்னு ஆயிரும். உங்கட வேலையும் போகும், என்ட வேலையும் போகும்" என்றார் ஹியூபேட்.

"ஓம் சேர். விசையைத் தட்டினது நான். கையெழுத்தும் நானே வைக்கிறன்."

மூன்று மணிக்குப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் மேசையில் இரண்டு தாள்களும் அருகருகே கிடந்தன. "மேக்க மொகத்த, நோனா?" என்று சிங்களத்தில் தொடங்கினார் அவர், இது என்ன, அம்மணி என்று தாளைச் சுட்டி. அவளும் சிங்களத்திலேயே விளக்கினாள்: காலையில் வந்தது இயந்திரம் நிரப்பியது, பொய், இது நடந்தது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார்.

"காலையில் வந்ததும் உங்கள் கணினி. இதுவும் உங்கள் கணினி. காலையில் பொய் சொன்னது மாலையில் மெய் சொல்லும் என்று நான் ஏன் நம்பவேண்டும்?"

சுவர்க் கடிகாரம் மூன்றேகாலைக் காட்டிற்று. முற்றத்தில் ஒரு வாகனத்தின் பின்கதவு திறக்கப்படும் ஓசை கேட்டது. கூட வந்திருந்த பேச்சியம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னை நம்பவேண்டாம், மாத்தயா" என்றாள் நேசமலர். அவளுடைய விரல் குறிப்பின்மேல் நின்றது. "லொறியை மறித்தது உங்கள் சாவடி. இலக்கமும் நேரமும் இதோ இருக்கின்றன. அவர்களுடைய புத்தகத்தைக் கேளுங்கள்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பின்பு தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் எவரோ புத்தகம் தேடப் போனார், வருவதாயில்லை. அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டேயிருந்தார். மூன்றரை. மூன்று முப்பத்தெட்டு.

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார் திடீரென்று. ஒவ்வோர் இலக்கமாகத் தாளோடு ஒப்பிட்டார். "எட்டு ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது."

"என் மணிக்கூடு இரண்டு நிமிடம் பிந்தியது, மாத்தயா."

அவர் சிரிக்கவில்லை. பொய்ப்பதிவு கொடுத்தமையை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தை அவள் முன்னே தள்ளினார். அவள் முழுப்பெயரோடு கையொப்பமிட்ட பின்னரே உள்ளே குரல் கொடுத்தார்.

இருளப்பன் வெறுங்காலோடு வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் பேச்சியம்மா தன் செருப்பைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்காவது கம்பி வந்துருமுங்களா, மிஸ்?" என்று கேட்டான் அவன்.

"வரும். காலமை எட்டு மணிக்கு உன்ர வேலை போட்டிருக்கு."

ஆலோசகருக்கென்று அவள் கூடவே அச்சிட்டுக்கொண்ட மூன்றாவது தாள், ஒன்பது நாள் பிந்திய சிவப்புக் கோட்டோடு, அவளுடைய பையில் மடிந்து கிடந்தது. ஆலோசகரின் அலுவலகம் பம்பலப்பிட்டியில். அது பூட்டுவதற்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. அந்த வழி பஸ்ஸுக்கு அவள் கையை நீட்டினாள்.