சின்னத்தாய் பெயரில் ஒரு ரிப்போர்ட்

"எங்கம்மாவுக்கு இனிமே வேலை குடுக்காதீங்க சார். இன்னைக்கே நிறுத்தி வீட்டுக்கு அனுப்புங்க."

மேனேஜர் மணிகண்டராஜ் நிமிர்ந்து பார்த்தார். தீபாவளிக்கு இன்னும் இருபத்தாறு நாள். ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக வேன் அனுப்பிக்கொண்டிருக்கிற பட்டாசுக் கம்பெனி. வேலையை நிறுத்தச் சொல்லி அந்த அறைக்குள் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

"நீ யாரு மக?"

"சின்னத்தாய் மக. மாரிசெல்வி."

"சரம் பின்னுற சின்னத்தாயா? ஏம்மா, உங்களுக்குள்ள சண்டைன்னா வீட்டுல வச்சுக்கிருங்க."

கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது, வேலையை நிறுத்தச் சொல்லி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்து அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மீறினால் அவள் செத்துப்போவாளாம். மீறாவிட்டாலும் அதுதானே நடக்கப்போகிறது.

"சண்டை இல்ல சார். அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தியிருக்கு. மூணு மாசந்தான் ஆகுது."

"கர்ப்பப்பை ஆபரேஷன்னுல்ல சொன்னா?"

"பொய்."

அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அம்மாவை அழைத்து வரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

அம்மாவுக்குள் வைத்த வால்வு சத்தம் போடும். மதுரையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் அந்த டிக் டிக் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "இனி வேனுக்கு மணி பாக்க வேண்டாம்ளா, ஒனக்குள்ளயே கடியாரம் ஓடுது" என்பார் அப்பா. நான் விருதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் தங்கல். சனிக்கிழமைதான் ஊருக்கு, அச்சங்குளத்துக்கு வருவேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியிருந்தது. அவசரமாக இரண்டு அடி. பிறகு ஒன்றுமில்லை. சீப்பைப் பிடித்தபடியே நின்றேன். கனமாக ஒரு அடி. அப்புறம் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று இடறி விழுவதுபோல.

"எம்புட்டு நாளாம்மா இப்படி?"

"எப்படி?"

"அம்மா."

"நெஞ்சுக்குள்ள தவக்களை துள்ளுத மாதிரி இருக்கும். பெறகு தானா அடங்கிரும். நீ பின்னு, வேன் வந்துரும்."

விருதுநகர் டாக்டரிடம் இழுத்துப் போனேன். துடிப்பு தாறுமாறானால் இதயத்துக்குள் ரத்தம் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழும், ஆளே போகலாம் என்றார். அங்கே ஈசிஜி எடுத்த அந்த நேரம் பார்த்துத் துடிப்பு ஒழுங்காக இருந்தது. அதனால் ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்கிற சின்ன மெஷினை நெஞ்சில் ஒட்டி, இடுப்பில் கட்டி அனுப்பினார். நான் லேபுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நார்மல்.

அடுத்த சனிக்கிழமை அப்பா குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். மிளகாய்க் குடோனில் மூட்டை தூக்குகிற நெஞ்சு, முடி அடர்ந்த நெஞ்சு. அதில் வட்ட வட்டமாக ஐந்து இடத்தில் முடியே இல்லை.

"என்னப்பா இது?"

"அட, அதுவா... ஒங்கம்மாதான்..."

பேட்டரி மெஷினோடு கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அம்மாவின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அதனால் டாக்டரிடமிருந்து நேராகக் குடோனுக்குப் போயிருக்கிறாள். மூட்டை அடுக்குக்குப் பின்னால் வைத்து மெஷினைக் கழற்றி அப்பாவுக்கு ஒட்டிவிட்டு, கம்பெனிக்கு பஸ் ஏறிவிட்டாள். பதிவு இல்லாமல் மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் டாக்டர் ஏசுவார் என்று பயமாம்.

"யாரு நெஞ்சா இருந்தா என்ன புள்ள? நானும் இந்தக் குடும்பந்தான?" என்றார் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் ஒரு மணி நேரம் மட்டும் துடிப்பு ஒழுங்கில்லை, ஸ்டிக்கர் சரியாக ஒட்டாத கோளாறாக இருக்கலாம், கணக்கில் எடுக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அம்மா என்று அந்தத் தாளில் இருந்தது அது ஒன்றுதான். மறுபடி மெஷின் கட்ட அவள் வரவே மாட்டேன் என்றாள். சீசன் முடியட்டுமாம். வேலை நின்றால்தான் டாக்டரிடம் வருவாள்.

வாட்ச்மேனோடு அம்மா வந்துவிட்டாள். கையெல்லாம் மருந்துத் தூள். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"மொதலாளி, இவ சொல்லுததக் கேக்காதீக." தூக்குவாளிப் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். "டாக்டரே குடுத்திருக்காக. பாத்துக்கிடுங்க."

அவர் படித்தார். "நார்மல்னுதான போட்டிருக்கு?"

"அது எங்கப்பா துடிப்பு சார்."

நடந்ததைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "புருசன் பொண்டாட்டிக்கு ஒரே துடிப்பு! குடுத்து வச்சவதான் சின்னத்தாய்."

அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலைக்கு மேல் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்தே எட்டி சுவிட்சை அணைத்தேன்.

"கேளுங்க சார். சும்மா ஒரு நிமிஷம் கேளுங்க."

றெக்கை சுற்றி அடங்கியது. டிக். டிக்டிக். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. டிக். அம்மா முந்தானையை நெஞ்சில் அழுத்திப் பிடித்தாள். அப்போதும் கேட்டது.

மணிகண்டராஜ் கதவைச் சாத்தினார்.

"உள்ள என்ன, இரும்பா?" குரல் இறங்கியிருந்தது. என் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, இதை வெளிய மூச்சு விட்றாத. ஹேர்பின்னைக் களத்தி வச்சுட்டு உள்ள போற எடம் இது. நெஞ்சுக்குள்ள இரும்பு தட்டுதுன்னு பொம்பளைக காதுல விழுந்துச்சு, பொறி கெளம்பும்னு ஒருத்தியும் இவ பக்கத்துல உக்கார மாட்டாளுக. அம்புட்டு லோடும் நின்னு போகும். தீபாவளி முடியட்டும், பெறகு பாப்போம்."

"நான் யார்ட்ட சொல்லப்போறேன் மொதலாளி" என்றாள் அம்மா. "இவளயும் பேசவிட மாட்டேன். படிக்க வச்சேன் பாருங்க, அதான் என் தப்பு."

அவர் காதால் கேட்டார். கேட்ட பிறகும் இருபத்தாறு நாளைத்தான் எண்ணுகிறார்.

அது இரும்பில்லை. கார்பன், டைட்டானியம். நெஞ்சுக்குள் ரத்தத்தில் நனைந்து கிடக்கிற அதிலிருந்து எந்தக் காலத்திலும் பொறி கிளம்பாது. நான் பி.எஸ்ஸி. வேதியியல், எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. பொறி கிளம்பும் என்று நான் சொன்னால் கொட்டகையில் இருக்கிற அத்தனை பொம்பளைகளும் நம்புவார்கள். படித்த பிள்ளை பொய் சொல்லுமா? அதன் பிறகு சாத்தூரிலிருந்து சிவகாசி வரைக்கும் எந்தக் கம்பெனி வேனும் அம்மாவை ஏற்றாது. இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்காருவார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. என் முகத்தில் அவள் சாகும்வரை முழிக்க மாட்டாள். மாட்டாள்தான். சாகாமல் இருந்து முழிக்காமல் இருக்கட்டும்.

கதவைத் திறந்தேன்.

"எங்க போறே? வெளிய போற கேட்டு இந்தப் பக்கம்" என்றார் மணிகண்டராஜ்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ஏடி செல்வி, அங்கன போகாத. உன்னக் கையெடுத்துக் கும்பிடுதேன், அங்கன போகாதடி."

சரம் பின்னும் கொட்டகை வேப்பமரம் தாண்டி. அவளால் ஓடி வர முடியாது என்று தெரிந்ததனால் வேகமாக நடந்தேன்.